"நன்னா இருக்கு" என்பது பதில் அல்ல

(மேற்கு மண்டலக் கூட்டத்தில், சொந்தத் தொழில் தொடங்குவோருக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டால் நானே நிறுத்திவிடுகிறேன், யாரும் மணி அடிக்க வேண்டாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 34 வருஷம் வேலை. அதில் 11 வருஷம் சிறுதொழில் கடன் பிரிவு. ஓய்வு பெற்றபின் புனேயில் பெண்ணோடு இருக்கிறேன். புதிதாகத் தொழில் ஆரம்பித்திருக்கும் குழந்தைகளுக்காக, இரண்டு வருஷமாக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு வட்டம் நடத்துகிறோம். குழந்தைகள் என்கிறேன், எல்லோரும் 25 முதல் 40 வயதுக்காரர்கள். புனே, நாக்பூர், வதோதரா, ஹைதராபாத், இந்தூர் என்று ஊர் ஊராக இருப்பதால், சந்திப்பு கம்ப்யூட்டர் திரையில்தான். ஒரு குழுவில் எட்டு பேருக்கு மேல் கிடையாது. அந்த வட்டத்தைப் பற்றியும், அதில் நான் பார்த்ததைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

முன்பெல்லாம் நம் வீடுகளில் பிள்ளை பேங்க் எழுதினானா, சி.ஏ. முடித்தானா, அமெரிக்கா போனானா என்றுதான் பேச்சு. சொந்தத் தொழில் என்றால், "வேலை கிடைக்கலையோ, பாவம்" என்று அர்த்தம். இன்று அப்படியில்லை. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஸ்டார்ட்-அப் இந்தியா திட்டத்தை ஆரம்பித்தது. 2025 தொடக்கத்தில் அதன்கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்தக் கணக்கில் நம் வீட்டுக் குழந்தைகளும் இருக்கிறார்கள். இருந்தாலும் வரன் பார்க்கும்போது மட்டும், "பையன் சொந்தமா ஏதோ பண்றான்" என்ற அந்த "ஏதோ" இன்னும் போகவில்லை.

தொழில் ஆரம்பிப்பதற்கு முன்னால் குழந்தை யாரிடம் யோசனை கேட்கிறான்? அப்பாவிடம், அம்மாவிடம், ஆடிட்டர் சித்தப்பாவிடம், கலிபோர்னியாவில் இருக்கும் அத்தை பிள்ளையிடம். எல்லோரும் என்ன சொல்கிறார்கள்? "ரொம்ப நன்னா இருக்குடா கண்ணா." அம்மா ஒரு படி மேலே போய், "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டேயும் சொல்றேன்" என்கிறாள். இது பாசம். தப்பே இல்லை. ஆனால் இதை நம்பி, அப்பாவின் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் எடுக்கப்படுகிறதே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் 2013-ல் 'தி மாம் டெஸ்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் சாராம்சம் இதுதான். உன் யோசனை எப்படி என்று அம்மாவிடம் கேட்டால் அம்மா பொய்தான் சொல்வாள், ஏனென்றால் அவளுக்கு உன்மேல் பிரியம். அதனால் யோசனையைப் பற்றிக் கேட்காதே, அவள் வாழ்க்கையைப் பற்றிக் கேள். கடைசியாக இந்தத் தொந்தரவு எப்போது வந்தது, அப்போது என்ன செய்தாய், எவ்வளவு செலவழித்தாய் என்று கேள். இந்தக் கேள்விகளுக்கு அம்மாவால்கூடப் பொய் சொல்ல முடியாது. நான் வங்கியில் இருந்தபோது கடன் மனுவோடு வருகிறவர்களிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான். "சார், இந்தச் சரக்குக்கு மார்க்கெட் பிரமாதமா இருக்கு" என்பார்கள். "போன மாசம் யார் வாங்கினா, பில் காட்டுங்கோ" என்பேன்.

எங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெயர், அடையாளம் வேண்டாம். புனேயில் ஒரு பையன். நல்ல கம்பெனியில் எட்டு வருஷம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கங்களுக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் செய்தான். பார்க்க அழகாக இருந்தது. வரவு செலவு, பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ரிப்பேர், எல்லாம் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும். அவன் குடியிருப்பிலேயே ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா 12 லட்சம் தரத் தயாராக இருந்தார். இரண்டு பேரை வேலைக்கு எடுக்க ஏற்பாடு.

குழுவில் காட்டினான். எங்கள் குழுவில் ஒரே ஒரு கட்டாய விதி, "நன்றாக இருக்கிறது" என்று யாரும் சொல்லக்கூடாது. கேள்விதான் கேட்கலாம். நாக்பூரிலிருந்து ஒரு பெண், மருந்துக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் தொழில் செய்கிறவள், மெதுவாகக் கேட்டாள்: "உங்க சொசைட்டியில செக்ரட்டரி யாரு?" பையன் சொன்னான், "எங்கப்பா." "அப்பா செக்ரட்டரியா இல்லாத சொசைட்டி எத்தனை உபயோகப்படுத்தறது?" பதில் இல்லை. திரையில் எட்டு முகமும் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையன் ஒன்பது குடியிருப்புகளுக்குப் போனான். முன்பின் தெரியாத பொருளாளர்களோடு உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினோம். வேலை செய்வதை வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வா என்றோம். அவன் கொண்டுவந்த செய்தி எங்களில் யாரும் எதிர்பார்க்காதது. பொருளாளர்களில் முக்கால்வாசிப்பேர் என்னைப்போல ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்குக் கணக்கு எழுதுவது தொந்தரவே இல்லை, அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு! காலையில் காபி குடித்துவிட்டு லெட்ஜரைத் திறந்தால் ஒரு திருப்தி. அதை ஏன் இந்தப் பையனிடம் கொடுக்கப்போகிறார்கள்? அவர்கள் வெறுத்தது வேறு இரண்டு. ஒன்று, பாக்கிக்காரருக்கு போன் செய்வது. லிஃப்டில் தினம் பார்க்கிற மனிதரிடம் "மூணு மாசம் பாக்கி" என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, யு.பி.ஐ.யில் வரும் பணம். வங்கி ஸ்டேட்மெண்டில் பணம் அனுப்பியவர் பெயர்தான் வரும், வீட்டு எண் வராது. வீடு மாமனார் பெயரில், குடியிருப்பது வாடகைக்காரர், பணம் அனுப்பியது வாடகைக்காரரின் மனைவி. இது 304-ஆ 403-ஆ என்று கண்டுபிடிப்பதற்குள் மாசம் முடிந்துவிடும்.

கலர் படங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் செய்தான். ஸ்டேட்மெண்டைக் கொடுத்தால் எந்த வரவு எந்த வீடு என்று பொருத்திக் கொடுக்கும். பாக்கிக்கு நினைவூட்டல் சங்கத்தின் பெயரில் தானாகப் போகும், மாமா யாருக்கும் போன் செய்ய வேண்டாம். இன்று 14 சங்கங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. அப்பா செக்ரட்டரியாக இருக்கும் சங்கத்தை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இது பெரிய வெற்றியா என்றால், இன்னும் இல்லை. 14 சங்கத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அப்பாவின் 12 லட்சத்தில் இதுவரை ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

நம் கண்ணுக்குத் தெரிந்த சில பெரிய நிறுவனங்களின் ஆரம்பத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். ரெட்பஸ் தெரியுமல்லவா? 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்தவர் பணீந்திர சாமா. பிலானியில் கூடப் படித்த நண்பர்களோடு சேர்ந்து பஸ் உரிமையாளர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதினார்கள். உரிமையாளர்கள் அதைச் சீந்தவில்லை. அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது டை என்ற தொழில்முனைவோர் அமைப்பின் பெங்களூர்க் கிளை. 1992-ல் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் நம் நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு அது. அங்கிருந்த அனுபவஸ்தர்கள் இவர்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். பஸ்காரரிடம் பேசு, பயணியிடம் பேசு என்றார்கள். மென்பொருளை விற்பதை விட்டு, இருக்கைகளை விற்க ஆரம்பித்தார்கள். 2006-ல் ரெட்பஸ் பிறந்தது. 2013-ல் ஐபிபோ குழுமம் அதை வாங்கியது.

திருச்சியில் பிறந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்ததும் ஒரு புலம்பலைக் கேட்டுத்தான். வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் விற்கும் ஒரு அமெரிக்கக் கம்பெனி விலையை ஏற்றியது. அதை உபயோகித்தவர்கள் பொருமித் தள்ளியதை இவர் படித்தார். காசு கொடுத்து வாங்குகிறவர்களே கோபத்தில் இருக்கிறார்கள் என்றால் அங்கே இடமிருக்கிறது என்று புரிந்துகொண்டார். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இல்லை, ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். உறவும் இல்லை, ஊரும் இல்லை. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது.

தாய்மார்களுக்காக இன்னொன்று. 1970-களில் பிரஷர் குக்கர்கள் வெடித்த செய்திகள் வந்தன. டி.டி.கே. பிரெஸ்டீஜின் டி.டி. ஜகந்நாதன் ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை கேட்கவில்லை, காரணத்தைத் தேடி நேரே கிளம்பிப் போனார். போலி சேஃப்டி வால்வுகளைப் போட்டுவிடுகிறார்கள், அழுத்தம் ஏறும்போது அது வேலை செய்வதில்லை என்று தெரிந்தது. போலியை ஒழிக்க முடியாது. அதனால் வால்வு வேலை செய்யாவிட்டாலும், மூடியின் விளிம்பில் உள்ள திறப்பு வழியாக கேஸ்கெட் பிதுங்கி ஆவியை வெளியே விடும்படி அமைத்தார்கள். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியின் ஓரத்தில் நீளமாக ஒரு துளை இருக்கிறதே, இன்று சாயங்காலம் பாருங்கள், அதுதான்.

இளைஞர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. "சரி மாமா, எல்லார் சொல்றதையும் கேட்டா உருப்பட முடியுமா?" முடியாது. அமெரிக்காவில் ட்ரூ ஹூஸ்டன் என்ற இளைஞர் 2007 ஏப்ரலில் டிராப்பாக்ஸ் எப்படி வேலை செய்யும் என்று ஒரு சிறு வீடியோ எடுத்து, தொழில் தொடங்குகிறவர்களும் மென்பொருள்காரர்களும் கூடும் இடத்தில் காட்டினார். மென்பொருள் தெரிந்த ஒருவர், இது என்ன பிரமாதம், லினக்ஸ் தெரிந்தவன் இதைத் தானே சுலபமாகச் செய்துகொள்ளலாமே என்ற தோரணையில் பதில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வரைக்கும் அது உண்மையும்கூட. ஆனால் தானே செய்துகொள்ளத் தெரிந்தவர் வாடிக்கையாளர் இல்லையே! செய்யத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள்தான் வாடிக்கையாளர்கள். 2018-ல் டிராப்பாக்ஸும் நாஸ்டாக் போனது. ஆக, சொல்கிறவர் யார், அவருக்கு அந்தத் தொந்தரவு உண்டா, அவர் கையிலிருந்து காசு வருமா என்பதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொந்தரவே இல்லாதவர் பாராட்டினாலும் வேண்டாம், திட்டினாலும் வேண்டாம். எஞ்சினியர் மாமாக்கள் மன்னிக்க வேண்டும். நம்மில் நிறையப் பேருக்கு எதைப் பார்த்தாலும், "இதை நானே ரெண்டு நாள்ல பண்ணிடுவேன்" என்று சொல்லும் பழக்கம் உண்டு.

எங்கள் வட்டத்தை ஆரம்பித்தபோதும், வந்தவர்களிடமே கேட்டுத்தான் ஒவ்வொன்றாக அமைத்தோம். முதல் மூன்று மாதம் சட்டதிட்டம் எதுவும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ஒவ்வொருவரையும் தனியாக போனில் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாய் என்று கேட்டோம். 'எப்படி இருந்தது' என்று கேட்டால்தான் மறுபடி "நன்னா இருந்தது" என்று வருமே!

வந்த பதில்கள் விசித்திரம். சாயங்காலம் ஏழு மணி என்றால் சமையலறையில் ஆள் வேண்டும், ராத்திரி ஒன்பதரை ஆக்குங்கள் என்றார்கள் பெண்கள். அப்படியே ஆக்கினோம். இந்தூர்ப் பையன் ஒருவன், எல்லோரும் வேகமாக இங்கிலீஷில் பேசும்போது தான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்றான். இப்போது தமிழும் ஹிந்தியும் தாராளமாக ஓடுகிறது. இன்னொரு பெண், ஆலோசகராக வந்த ஒரு பெரியவரைப் பற்றி, "மாமா கேள்வி கேக்கலை, உபன்யாசம் பண்றார்" என்றாள். அதிலிருந்து பெரியவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். வங்கிக்காரனானாலும் சரி, அதே மூன்று நிமிஷம்தான். இங்கே இருபது நிமிஷம் கிடைத்திருப்பதை நான் எப்படி அனுபவிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர்கள் கேட்டது ஒன்று. ஒரே குழுவில் உறவுக்காரர்கள் இருக்கக்கூடாது. பேசியது வெளியே போகக்கூடாது. காரணம் கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: "தொழில் சரியா போகலைன்னு இங்க சொன்னா, அடுத்த வாரம் பூணூல் கல்யாணத்துல பத்து பேர் வந்து அம்மாவைத் துக்கம் விசாரிப்பா மாமா." சிரித்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னது வாஸ்தவம். நம் கூட்டத்தில் செய்தி வாட்ஸ்அப்புக்கு முந்தியே போய்விடும். நஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் இல்லாததால், குழந்தைகள் அதை ஒளிக்கிறார்கள். ஒளிக்க ஒளிக்கப் பணம் கரைகிறது.

ஹைதராபாத்தில் ஒரு பெண் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குத் துணையோடு அழைத்துப்போகும் சேவை ஆரம்பித்தாள். தேவை நிஜம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எத்தனை வீடுகள்! கேட்டவர்கள் எல்லோரும் ஆஹா என்றார்கள். குழுவின் யோசனைப்படி, ஆபீஸ் பிடிக்காமல், விளம்பரம் செய்யாமல், தன் கையாலேயே இரண்டு மாதம் செய்து பார்த்தாள். ஒரு நோயாளிக்கு அரை நாள் போகிறது. டாக்டர் பதினொரு மணி என்றால் ஒன்றரைக்குத்தான் பார்க்கிறார். துணைக்குப் போகிறவருக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால், வீட்டார் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை போதவில்லை. அறுபதாயிரம் ரூபாய் செலவோடு நிறுத்திவிட்டாள். பழைய கம்பெனிக்கே வேலைக்குப் போய்விட்டாள். உறவுக்காரர்கள் "தோத்துட்டா" என்று பேசினார்களாம். இருபது லட்சம் கடன் போட்டு, மூன்று வருஷம் இழுத்து, பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதை இரண்டே மாதத்தில் அறுபதாயிரத்தில் தெரிந்துகொண்டாள். கடன் பிரிவில் 11 வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்தப் பெண் கடன் கேட்டு வந்திருந்தால் அடுத்த முறை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருப்பேன்.

பணம் என்று வந்துவிட்டதால் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளையின் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குப் பணம் கொடுக்கும்போது, அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். கடன் என்றால் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. டைரக்டரோ அவருடைய உறவினரோ கொடுக்கும் கடன் 'டெபாசிட்' என்ற வலையில் விழாமல் இருக்க, இது நான் பிறரிடம் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அல்ல என்று கொடுப்பவர் எழுதித் தர வேண்டும். ஆகவே வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பணத்தைத் தூக்கிக் கொடுக்கும் அப்பா, அந்தக் காகிதத்தில் மனசாட்சியோடு கையெழுத்துப் போட முடியாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடமானமே இல்லாத கடனுக்கு உத்தரவாதம் தர, மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து 2000-ல் ஒரு அறக்கட்டளை அமைத்திருக்கின்றன. அதன்கீழ் வங்கிகள் கடன் தருகின்றன. அங்கேயும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, யார் வாங்குகிறார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

கடைசியாக இங்கே இருக்கும் ஓய்வுபெற்றவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பணம் வேண்டாம், உங்கள் உபதேசமும் மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் உங்களில் ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கொள்முதல் பார்த்தவர்கள், பள்ளிக்கூட நிர்வாகம் பார்த்தவர்கள், ஃபாக்டரியில் பராமரிப்பு பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு சாமான் வாங்கவேண்டுமென்றால் முதலில் யார் கேட்பார், யார் கையெழுத்துப் போடுவார், எந்த மாதத்தில் பட்ஜெட் முடியும், எந்தக் காரணத்துக்காக ஃபைல் திரும்பி வரும், இதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வதோதராவில் ஒரு தம்பதி, பம்ப் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவி செய்கிறார்கள். எட்டு மாதமாக ஃபாக்டரி முதலாளிகளின் பின்னால் அலைந்தார்கள். ஓய்வுபெற்ற பராமரிப்பு எஞ்சினியர் ஒருவர் தன் மூன்று நிமிஷத்தில், "முதலாளிகிட்ட ஏன் போறேள்? ராத்திரி ஷிப்டுல பம்ப் நின்னா யாரை எழுப்பறாளோ, அந்த ஃபோர்மேன்கிட்ட போங்கோ" என்றார். அடுத்த மாதமே இரண்டு ஃபாக்டரியில் கருவியை மாட்டிப் பார்க்கச் சம்மதம் கிடைத்தது. அந்த எஞ்சினியர் ஐந்து வருஷமாக வீட்டில் சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

அடுத்த குழுக்கள் வரும் மாதம் ஆரம்பமாகின்றன. சேர விரும்புகிறவர்கள், சாப்பாடு முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் மேஜையில் வந்து பெயர் கொடுக்கலாம். எந்த ஊர், என்ன செய்கிறீர்கள், கடைசியாக எந்த அந்நியர் காசு கொடுத்து வாங்கினார், இந்த மூன்று விவரம் போதும். இன்னும் யாரும் வாங்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், அவர்களுக்குத்தான் முதலிடம். பெற்றோர் பெயரும் கோத்திரமும் கேட்க மாட்டோம்.

இலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.